பிளகுனாவின் புதனும் வெள்ளியும்

திங்கள், செவ்வாய் நாட்களில் வாளியும் துடைப்பமுமாக ஏழாம் அறைக்குள் நுழைந்தால் பிளகுனா அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டியா மென்கா? அந்த மூலையில நேத்து நீ விட்டுட்டுப் போன தூசி பத்திரமா இருக்கு, எடுத்துக்க" என்பாள். புதன்கிழமை நுழைந்தால் பேச்சே இருக்காது. முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள். கட்டிலுக்குக் கீழே கிண்ணத்தில் பச்சைப் பித்தம் கிடக்கும். வியாழன் மத்தியானம் கொஞ்சம் தெளிவாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கதை.

சாகப்போகிறவர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க வேண்டும் என்பதற்காகவே ப்ரிலெப் ஊர் எல்லையில் கட்டிய வீடு அது. பன்னிரண்டு அறைகள். பதினோரு வருடமாக அங்கே நான் தரை துடைக்கிறேன். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து வந்து, மத்தியானம் திரும்பும்போது இரண்டு பாதமும் செருப்புக்குள் அடங்காது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் வயிறும் காலியாக இருப்பதால் வாளி இரண்டு மடங்கு கனக்கும். ஒரு நோய் இப்படிக் கிழமை பார்த்து வருமா என்று யோசிப்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

பிளகுனா அக்கா புகையிலைக்காரி. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் போதும், வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும். கோடையில் இருட்டு பிரியுமுன் வயலுக்குப் போய், வெயில் ஏறுமுன் இலை ஒடித்து, பகல் முழுவதும் நீள ஊசியால் நூலில் கோத்துக் காயப் போட வேண்டும். நாற்பது வருடம் அதையே செய்ததில் அவளுடைய வலது கட்டைவிரல் தட்டையாகிவிட்டிருந்தது. நகக்கண்ணில் ஏறிய கறுப்புப் பசை எந்த சோப்புக்கும் போகவில்லை. புருஷன் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன் மெத்தோடி ஸ்லோவேனியாவில் லாரி ஓட்டுகிறான். போன டிசம்பரில் கணையத்தில் கட்டி என்று சொன்னார்கள். கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்கள்.

எங்களிடம் வந்தபோது தோளில் வலிக்கு ஒட்டும் பட்டை இருந்தது. ஆனாலும் எதைக் குடித்தாலும் வாந்தி, தூக்கமும் இல்லை. டாக்டர் ஆர்ஸோவ்ஸ்கி வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஒரு பழுப்பு நிறச் சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து, "இது கஞ்சாச் செடியிலேர்ந்து எடுத்த எண்ணெய்ம்மா. மருந்துக் கடையிலயே சீட்டுக்குக் குடுக்கறாங்க. குமட்டல் நிக்கும், தூக்கம் வரும்" என்றார்.

"கஞ்சாவா? எங்க பக்கத்து வீட்டுப் பையன் சோளத்துக்கு நடுவுல நாலு செடி வச்சான்னு போலீஸ் வந்து வேரோட புடுங்கிட்டுப் போனாங்க. இப்ப கவர்ன்மென்டே சீட்டு எழுதுதா?"

"எழுதுதும்மா."

அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "நாற்பது வருஷம் புகையிலை வாங்கறவன் முன்னாடி நின்னிருக்கேன். இலையை மோந்துட்டு 'மூணாம் தரம்'னு ஒதுக்குவான். டாக்டர் தம்பி, இது எந்தத் தரம்?"

"முதல் தரம்."

"என் இலைக்கு ஒரு தடவைகூட ஒருத்தனும் அதைச் சொன்னதில்ல" என்று சொல்லி ஒப்புக்கொண்டாள்.

நாக்குக்கு அடியில் விட்டால் கசப்பிலேயே குமட்டியது. அதனால் நர்ஸ் சுசானா விரல்நகம் அளவுக்கு ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அதில் எட்டுச் சொட்டு விட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. முதல் தடவையே அக்கா ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். எழுந்ததும் ஊறுகாய் போட்ட மிளகாய் கேட்டாள். சமையல்காரி சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் இந்தப் புதனும் வெள்ளியும் தொடங்கின.

மார்ச் கடைசியில் வெயில் அடித்ததும் எறும்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை ஏழாம் அறையைத் துடைக்கும்போது, கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியின் காலில் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். தேவமாதாவின் காகிதப் படம் ஒன்று, அதற்குக் கீழே முடிச்சுப் போட்ட கைக்குட்டை. அவிழ்த்தால் பத்து ரொட்டித் துண்டுகள், காய்ந்து கல்லாகி, மஞ்சளாக எண்ணெய் ஊறி, பச்சிலை வாடையோடு கிடந்தன.

"அதை மூடு" என்றாள் அக்கா.

"இது என்னக்கா?"

"ரொட்டியைத் தூக்கிக் குப்பையில போட முடியுமா? பாவமில்லையா? அதான் வச்சிருக்கேன்."

"போடச் சொல்லல. ஏன் திங்கலன்னு கேக்கறேன்."

"அதுல என்ன இருக்கு?"

"மருந்து இருக்கு."

"மருந்து எதுல இருக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். "எண்ணெயில" என்றேன்.

"நாலாங்கிளாஸ் படிச்ச உனக்கு ஒரு நிமிஷத்துல புரியுது. அந்த டாக்டர் தம்பிக்கு மூணு வாரமாப் புரியல."

நோன்புக் காலத்துப் புதனும் வெள்ளியும் நாங்கள் தண்ணீரில் மட்டும் சமைத்துச் சாப்பிடுவோம். அவரையை உப்புப் போட்டு வேகவைத்தால் அதோடு சரி, ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சேராது. ஆனால் நோயாளிக்கு அது கிடையாது. படுக்கையில் கிடப்பவர்கள் பால் குடிக்கலாம், முட்டை தின்னலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"நோன்பு சர்ச்சோடது. அதுக்கு விலக்கு உண்டுன்னு எனக்கும் தெரியும்டி. திங்கக்கிழமை தின்னேன்ல? செவ்வாக்கிழமை தின்னேன்ல? புதனும் வெள்ளியும் என்னோடது."

பிறகு சொன்னாள். இருபத்தேழு வருடத்துக்கு முன், மெத்தோடிக்குப் பத்தொன்பது வயது. பட்டாளத்தில் இருந்தான். பட்டாளம் நின்ற இடத்திலேயே சண்டை மூண்டுவிட்டது. எழுபது நாள் கடிதம் வரவில்லை. பக்கத்து ஊருக்கு மூடிய சவப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அன்றைக்கு இவள் செருப்பில்லாமல் மலைமேல் இருக்கிற மடாலயத்துக்கு ஏறிப்போய், தேவமாதா முன்னால் தரையில் நெற்றி வைத்து நேர்ந்துகொண்டாள். மூச்சு இருக்கிற வரைக்கும் வருஷம் பூராவும் புதனும் வெள்ளியும் தண்ணீர் நோன்பு, பையனை மட்டும் திருப்பிக் கொடு என்று. நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லாமல், தலை நிறையப் பேனோடு அவன் வந்து நின்றான். அவனுக்கு ஆறு முட்டை பொரித்துப் போட்டாள். தான் வெந்த அவரையைத் தின்றாள்.

"அவனுக்குத் தெரியுமாக்கா?"

"எதுக்குத் தெரியணும்? திங்கற ஒவ்வொரு வாயும் அவன் தொண்டையில நிக்கவா?" மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "ஒரு புதன் விட்டதில்ல மென்கா. இப்ப எனக்கு வயித்தைப் புரட்டுதுன்னு விட்டேன்னு வை. அவன் லாரி ஓட்டறவன். பனியில, மலைப்பாதையில ஓட்டறவன். நான் இங்க சுகமாத் தூங்கி, அவன் எங்கயாவது பள்ளத்துல கிடந்தான்னா? யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லல" என்றேன். எறும்பை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புதன் மிக மோசமாக இருந்தது. ஒரே காலையில் மூன்று தடவை விரிப்பு மாற்றினோம். தலையணை உறையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வெளியே வரக்கூடாதென்று. நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் வாளிமேல் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மறுநாள் டாக்டர் ஏழாம் அறை வாசலில் நின்று சுசானாவிடம் சொன்னார்: "சொட்டு இவங்களுக்குக் கேக்கல. நாலு நாள் நல்லா இருக்காங்க, மூணு நாள் விழுந்துடறாங்க. திங்கள்லேர்ந்து நிறுத்திடலாம். மயக்கத்துலயே வச்சிருக்கிற ஊசி போட்டுடுவோம்."

"ஈஸ்டருக்கு மகன் வரார் டாக்டர். அடையாளம் தெரியுமா?"

"தெரியாது. வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

ஈரத்துணியோடு பக்கத்தில் நின்றேன். "மென்கா அக்கா, வாளி வழியில இருக்கு" என்றாள் சுசானா. நகர்த்தினேன். சொன்ன வார்த்தையை மீறுவது எனக்குப் பழக்கமில்லை. துணியை வாளியில் போட்டேன்.

"டாக்டர், சொட்டு கேக்காம இல்ல. புதனும் வெள்ளியும் அவங்க அதைச் சாப்பிடறதே இல்ல" என்றேன்.

இழுப்பறையைத் திறந்து காட்டியபோது அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வாய்க்குப் பூட்டு இல்லாதவளே, உன் துடைப்பம் முறிய" என்றாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு பேசவே தெம்பில்லை. இருந்த தெம்பு எல்லாவற்றையும் என்னைத் திட்டச் செலவழித்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, மருந்து சாப்பாடு இல்ல."

"அப்ப ஏன் ரொட்டியில வைக்கறீங்க?"

"எட்டே சொட்டும்மா!"

"நேர்ந்துக்கும்போது சின்ன எண்ணெய், பெரிய எண்ணெய்னு நான் பிரிச்சுச் சொல்லலையே தம்பி."

"எண்ணெய் இல்லாம அதையே புகையாக் குடுத்தா என்ன டாக்டர்?" என்று சுசானா கேட்டாள்.

"புகைக்கற பூவா விக்க அனுமதி இல்ல. எண்ணெயாத்தான் கிடைக்கும்" என்றார் டாக்டர்.

"கிடைச்சா மட்டும்?" என்றாள் அக்கா. "நாற்பது வருஷம் புகையிலை விளைய வச்சேன், ஒரு சிகரெட் பத்த வச்சதில்ல. பெரிய வெள்ளிக்கிழமை இந்தக் கட்டில்ல உக்காந்து நான் கஞ்சாப் புகை விடணுமாக்கும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சொட்டை நிறுத்தப்போவதில்லை என்றும், ஆனால் அவள் சாப்பிடாவிட்டால் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் த்ராய்கோ சாமியார் அறை அறையாக வருவார். நோன்பின் கடைசியில் அவருக்கு நாளெல்லாம் பூசை. பூட்ஸில் சேறு, கண்ணில் குழி. கட்டில் அருகே நின்று, "மகளே, நோயாளிக்கு விலக்கு உண்டு. நான் விடுதலை தரேன், சாப்பிடு" என்றார்.

அக்கா சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை. "மத்த நாளுக்கு நீங்க விடுதலை குடுத்தா சரி சாமி. இது உங்க கையில இல்ல. நான் உங்ககிட்ட நேர்ந்துக்கல."

அவர் கோபப்படவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்கும் கால் வலி என்று தெரிந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா? வீட்டுக்கு ஒரு புனிதர் உண்டே, அந்தத் திருநாளை அப்பன் எடுத்து நடத்துவான். அவனால முடியாமப் போனா, மகனோட சேர்ந்து ரொட்டியைப் பிட்டு அவன் கையில ஒப்படைச்சுடுவான். அன்னியிலேர்ந்து அது மகனோடது. நேர்ச்சையை அப்படிக் கைமாத்த முடியாதா?"

அவர் தாடியைத் தடவினார். "அப்படி நான் எந்தப் புத்தகத்திலயும் படிச்சதில்ல." கொஞ்சம் கழித்து, "கூடாதுன்னும் படிச்சதில்ல" என்றார். எழுந்து நின்றபின், "ஆனா மகனே வாய் திறந்து கேக்கணும். பாதி மனசோடன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எட்டாம் அறைக்குப் போனார்.

சுசானா நம்பரைத் தேடிக் கொடுத்தாள். மெத்தோடி எடுத்தபோது பின்னால் லாரிகளின் இரைச்சல். நான் யார் என்று சொன்னேன். நேர்ச்சையைச் சொன்னேன். கைக்குட்டையைச் சொன்னேன். இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, இருக்கீங்களா?"

"எனக்காகவா? புதன்கிழமை அவங்களுக்கு வயித்துக் கோளாறுன்னுல்ல நான் நினைச்சுட்டிருந்தேன்" என்றான். ஏதோ கதவைச் சாத்தினான், இரைச்சல் குறைந்தது. "லோடு இறக்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் பார்த்துக்கங்கக்கா."

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை காலை வந்தான். வாசலை அடைக்கிற உடம்பு, சவரம் செய்யாத முகம். நான் வீட்டில் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட ஒரு ரொட்டியைத் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அக்காவைத் தலையணை வைத்து உட்கார்த்தினோம். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. காலையில் கொடுத்த ரொட்டித் துண்டை வாங்கவே இல்லை, அது சுசானாவின் தட்டில் இருந்தது.

மகன் கட்டில் அருகே மண்டியிட்டான். "அம்மா, எல்லாம் தெரியும். அதை எனக்குக் குடு."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காலையில என்ன தின்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"கையைக் காட்டு." காட்டினான். மோந்து பார்த்தாள். எண்ணெய் ஊறிய பலகார வாடை. "புரெக்."

"பஸ் ஸ்டாண்டுலம்மா… ராவெல்லாம் பயணம், பசி…"

"பாலாடைக்கட்டி வச்சதா, கறி வச்சதா?"

நாற்பத்தாறு வயது ஆள் தலையைக் குனிந்தான். "கறி."

"பெரிய புதன்கிழமை, கறி!" என்றாள் அக்கா எங்களைப் பார்த்து. "இவன்கிட்டத்தான் நான் ஒப்படைக்கணுமாம்."

சுசானா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நோன்புக் காலத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். மெத்தோடி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் குழாயடியில் கையை முழங்கைவரை கழுவினான், வாயைக் கொப்பளித்தான், மறுபடி வந்து மண்டியிட்டான்.

"இருபத்தேழு வருஷம் என் உசுருக்கு நீ பட்டினி கிடந்த. இனிமே என் உசுருக்கு நான் கிடக்கறேன். எனக்குத் தெரியாமத் தொடங்கின. இப்ப தெரிஞ்சே கேக்கறேன். குடும்மா."

அவள் கையை நீட்டினாள், என்னிடம். ரொட்டியைக் கொடுத்தேன். ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் அவன். அவளிடம் பலமில்லை, அவன் அவசரப்படவும் இல்லை. மெல்ல விண்டது. அவள் தன் பாதியை முத்தமிட்டு, அலமாரிமேல் சாத்தியிருந்த காகிதப் படத்தைப் பார்த்தாள்.

"தாயே, ஆளைத்தான் மாத்தறேன். வார்த்தையை மாத்தல. இவனைப் பத்தி உனக்கே தெரியும், கொஞ்சம் பொறுத்துக்க."

பிறகு சுசானாவின் தட்டிலிருந்த துண்டைத் தானே எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள்.

மத்தியானம் நான் கிளம்பும்போது காலை நீட்டிப் படுத்திருந்தாள். புதன்கிழமையில் அவள் கால் நீட்டி நான் பார்த்ததில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து தகரத் தட்டில் வெந்த அவரையைத் தின்றுகொண்டிருந்தான். முகம் கோணியிருந்தது.

"இதையாம்மா இத்தனை வருஷம்?"

"வெங்காயத்தைக் கடிச்சுக்க. இறங்கும்" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

வெள்ளிக்கிழமையும் துண்டை வாங்கிக்கொண்டாள். வியாழனன்று சாயம் போட்ட முதல் சிவப்பு முட்டையைத் தேவமாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அதைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நோவு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையணை உறை வாயில் இல்லை. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் சட்டைக் காலர் அழுக்கு என்று திட்டினாள். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள் காலையில், அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அறையைக் காலி செய்தபோது கைக்குட்டையை நான் எடுத்துக்கொண்டேன். ரொட்டித் துண்டுகளை சர்ச் அடுப்பில் போட்டுவிட்டு, துணியைத் துவைத்து மெத்தோடியிடம் கொடுத்தேன். அவன் ஸ்லோவேனியாவுக்குத் திரும்பிப் போனான். ஏழாம் அறைக்கு இரண்டு நாளில் வேறு ஆள் வந்துவிட்டார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, மத்தி மீன் டப்பா ஒண்ணு இருக்கு. எண்ணெயில போட்டது. தண்ணியில அலசிட்டுச் சாப்பிடலாமா?"

"தம்பி, அவங்க மூச்சு இருக்கிற வரைக்கும்னுதானே நேர்ந்துக்கிட்டாங்க. அது முடிஞ்சுபோச்சு."

"நாற்பது நாள் ஆத்மா இங்கதான் சுத்தும்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பார்த்துக்கிட்டிருந்தா?"

"மீனே கூடாது. அலசினாலும் கூடாது" என்றேன்.

"ஆலிவ்?"

"ஆலிவ் சாப்பிடலாம். எண்ணெய்தான் கூடாது."

"ஆலிவ்லேர்ந்துதானேக்கா எண்ணெயே வருது? இது என்ன நியாயம்?"

"தெரியல தம்பி. எனக்குக் கால் வலிக்குது."

ஏதோ கெட்ட வார்த்தையில் முனகினான். உடனே, "மன்னிச்சுக்கங்க" என்றான். போனை வைக்கவில்லை. டப்பாவைத் தூரமாக நகர்த்துகிற சத்தமும், பிறகு வெங்காயத்தைக் கடிக்கிற சத்தமும் கேட்டன.